லாவாவுக்கு எந்த ஊர்?

போடி ஜீப் ஸ்டாண்டில் முதல் நாளே என்னை எச்சரித்துவிட்டார்கள். "டீச்சர், அந்த அண்ணன் வண்டில மட்டும் ஏறிராதீங்க. ஊரு கேட்டே உசுர வாங்கிருவாரு."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் கேட்கிற ஆட்களை எனக்குத் தெரியாதா? சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று தோண்டித் தோண்டி, நாம் யார் வீட்டுப் பிள்ளை என்று எடைபோட்ட பிறகுதான் சிரிப்பார்கள். அப்படி ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் மலை ஏறி இறங்க வேண்டும் என்பது என் தலையெழுத்தா என்று பொருமினேன். ஆனால் வேறு வழியில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், ஓர் ஏலத்தோட்டத்தில், தோட்டத்துக்காரர்களே நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. விடிவதற்குள் போடியிலிருந்து தோட்டவேலைக்குப் போகிற பெண்களோடு ஏறி, சாயங்காலம் அவர்களோடே இறங்க வேண்டும். அவர்கள் போகிற வண்டி அவருடையது. பின்னால் பதினோரு பெண்கள், முன்னால் அவரும் நானும்.

முதல் நாள் வண்டி கிளம்ப மக்கர் செய்தது. சாவி சரியாக மாட்டவில்லையோ என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர் அப்படியே என் பக்கம் திரும்பினார். ஆள் வாட்டசாட்டம். காதில் ஒரு மார்க்கர் பேனா.

"சாவிக்கு எந்த ஊரு டீச்சர்?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க சாவி."

"இந்தச் சாவி இல்ல. சாவிங்கிற சொல்லு. அதுக்கு எந்த ஊரு?"

பின்னால் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் பெருமையாக, "போர்ச்சுக்கல்," என்றார். "கப்பல்ல வந்த பய. வந்த எடத்துல கல்யாணம் முடிச்சு இங்கனயே தங்கிட்டான். ஜன்னலு, அலமாரி எல்லாம் அவன் அண்ணன் தம்பிக."

ஐயோ, இதற்கா நான் அவ்வளவு பொருமினேன்! அடிவாரத்து முந்தல் கிராமம் தாண்டி மலை ஏறத் தொடங்குவதற்குள் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மனுஷன் யாரிடமும் சொந்த ஊர் கேட்டதில்லை. சொல்லுக்கு மட்டும்தான் ஊர் கேட்பார். ஜீப்பின் உட்பக்கத் தகரம் முழுக்க மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கம் சொல், எதிரே ஊர். ஊர் தெரியாத சொல்லுக்கு எதிரே ஒரு வட்டம் மட்டும் இருக்கும். 'ஜீப்பு' என்ற சொல்லுக்கே வட்டம்தான். "பத்துப் பேரு பத்துக் கதை சொல்றான் டீச்சர். எதையும் நம்ப முடியல. நம்மளத் தூக்கிச் சொமக்கிறவனுக்கே ஊரு தெரியல பாருங்க."

என் போன் அவருக்கு வரப்பிரசாதமாகிவிட்டது. மலைப்பாதையில் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் டவர் கிடைக்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டி, "டீச்சர், பாருங்க," என்பார். நான் தேடுவேன். பெண்கள் அதற்குள் வெற்றிலை போட்டு முடிப்பார்கள். மாதம் பிறந்தால் என் போனுக்கு அவரே ரீசார்ஜ் செய்துவிடுவார். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

சொல்லில் இவ்வளவு ஆசை இருக்கிறவர் வாயடிப்பார் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. அவ்வளவு சிக்கனம். இல்லாததைச் சொல்லவே மாட்டார், அடுத்தவர் சொன்னாலும் விடமாட்டார். பேச்சியம்மா என்று ஓர் அக்கா. எப்போதும் முதல் ஆளாக ஓடிவந்து ஓரத்து சீட்டைப் பிடிக்கிறவள், வாய்க்கு வாய் பேசுகிறவள். ஒரு நாள், "ஆயிரம் தடவ சொல்லிட்டேன்ணே, இந்த சீட்டு கிழிஞ்சு கெடக்குன்னு," என்றாள்.

ஏற்றத்தில் பிரேக் போட்டுவிட்டார். "ஆயிரமா? எண்ணுனியா?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான?"

"மூணு தடவ சொன்ன. ஏலக்காய்க்குச் சாயம் போடுறவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுல கலப்படம் பண்ணாத தாயி."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. பேச்சியம்மாவின் மகனுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது அவள் ஜீப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டே, "சரியாயிரும்லண்ணே? சரியாயிரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க," என்று கேட்டாள்.

"தெரியல ஆத்தா. தெரியாதத எப்புடிச் சொல்லுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? மற்ற பெண்களும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அவர் பேச்சியம்மாவை எங்கேயும் நிறுத்தாமல் போடி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும், சவாரியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு அந்த வாசலிலேயே கிடந்தார். பையன் எழுந்து உட்கார்ந்ததும் வார்டுக்குள் போய், "இப்பச் சொல்றேன் ஆத்தா, சரியாயிருச்சு," என்றாராம். பேச்சியம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் பாதி திட்டுவாள், பாதி அழுவாள்.

இந்த ஆளிடம்தான் ஒரு நாள் 'லாவா' வந்து சேர்ந்தது.

மலை பார்க்க வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், பைக் பழுதாகி, எங்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டார்கள். ஒருவன் ரோட்டோரக் கரும்பாறையைக் காட்டி, "இதெல்லாம் லாவாண்ணா, எரிமலைல இருந்து வந்தது," என்றான். அவ்வளவுதான்! அவருக்கு ஸ்டியரிங்கில் கை நிற்கவில்லை. "லாவா, லாவா" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார். டவர் வளைவு வருவதற்குள் என்னை மூன்று முறை, "டீச்சர், சார்ஜ் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டார்.

தேடினேன். படிக்கப் படிக்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணே, மொதல்ல ஒண்ணு. இந்தப் பாறை லாவா இல்ல. இது பூமிக்கு அடியில ஆழத்துலயே வெந்து இறுகினது."

பையனின் முகம் தொங்கியது. "சொல்லுக்கு ஊரு சொல்லுங்க," என்று இவர் பறந்தார்.

"இத்தாலி. அங்க நேப்பிள்ஸ்னு ஒரு ஊர், எரிமலைக்குப் பக்கத்துல. அந்த ஊர்ச் சொல்தான். ஆனா அண்ணே, மொதல்ல அதுக்கு நெருப்புன்னு அர்த்தமே இல்ல! மழை பேஞ்சா தெருவுல திடீர்னு அடிச்சுக்கிட்டு ஓடி வரும்ல தண்ணி, அதுக்குத்தான் லாவான்னு பேர். கழுவுறதுங்கிற சொல்லுல இருந்து வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க. சரிஞ்சு விழுறதுங்கிற சொல்லுல இருந்துன்னு வேற சிலர். அப்புறம் மலை வெடிச்சு நெருப்புக் குழம்பு எறங்கி வந்தப்ப, அதையும் அதே பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் உலகம் முழுக்க எரிமலைக் குழம்பாகிவிட்டதே! அவரும் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், முகம் இறுகிவிட்டது.

"அது எப்புடி டீச்சர்? தண்ணிக்கு வச்ச பேர நெருப்புக்கு வைப்பான்? ரெண்டும் ஒண்ணா? இது பொய்யில்ல?"

பின்னாலிருந்து பேச்சியம்மா எகிறினாள். "ஏண்ணே, நெருப்பு முதுகுக்குப் பின்னால வருது. நின்னு யோசிச்சு நல்ல பேரா வைப்பானா? வாயில வந்ததக் கத்திருப்பான், ஓடிருப்பான்."

"எம்புட்டு அவசரம்னாலும் சொல்லு சொல்லுதான் ஆத்தா. தண்ணின்னு நெனச்சு எவனாவது நின்னுருந்தா?"

வாரக்கணக்கில் அவர் அந்த நேப்பிள்ஸ்காரர்களை மன்னிக்கவே இல்லை. சொல்லைத் தகரத்தில் எழுதினார், ஊரையும் எழுதினார், பக்கத்தில் 'தப்பு' என்றும் எழுதினார். அங்கிருந்து யாரேனும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பது போல அவ்வளவு கோபம்! "நேப்பிள்ஸ்காரனுக்கு வக்காலத்து வாங்குறவ" என்று பேச்சியம்மாவுக்குப் பட்டப்பெயரே விழுந்தது.

அந்த ஐப்பசியில்தான் அது நடந்தது.

சாயங்காலம் என் பள்ளிக்கூடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பெண்களை ஏற்றப் போவார். ஓடைக்குக் குறுக்கே சிமெண்டில் தாழப் போட்ட பாலம் ஒன்று உண்டு, சப்பாத்து என்பார்கள். வண்டியை அதன் மேலேயே நிறுத்துவார், ஏற வசதியாக இருக்கும் என்று. மேலே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை ஓடையை ஒட்டியே இறங்கிச் சப்பாத்தில் முடியும். வண்டி வந்ததும் ஹாரன் அடிப்பார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அது காதில் விழுந்த நொடியில் பெண்கள் போட்டதைப் போட்டபடி ஓடிவருவார்கள். முந்தியவளுக்கு ஓரத்து சீட்டு, கடைசியாக வருகிறவளுக்கு ஸ்டெப்னி டயர்மேல் இடம். ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து அத்தனை வளைவும் இறங்கிப் பாருங்கள், ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியும்!

அன்றைக்கு நாங்கள் இருந்த இடத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. மேலே முகட்டில் மட்டும் இருட்டிக்கொண்டு கிடந்தது. அவர் எப்போதும் போல ஹாரன் அடித்தார். டயரைப் பார்க்கக் கீழே இறங்கினார். இறங்கியவர் அசையாமல் நின்றார்.

"டீச்சர், சத்தம் நின்னுபோச்சு."

எந்தச் சத்தம் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். ஓடை ஓடவில்லை. காலையில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர், கல்லுக்குக் கல் தேங்கி, செம்மண் நிறத்தில் வற்றிக்கொண்டிருந்தது. பச்சை மண் வாசனை குப்பென்று அடித்தது.

"மேல எங்கயோ சரிஞ்சு அடச்சிருக்கு. ஒடச்சுக்கிட்டு வரும். எறங்குங்க!"

என் கையைப் பிடித்து இழுத்து எங்கள் பக்கத்துக் கரைமேல் தள்ளினார். அப்போதுதான் எதிரே பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தூக்குவாளிகள் கடகடவென்று ஆட, பதினோரு பேரும் ஓடையோரமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பேச்சியம்மா.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று கத்தினார்.

"ஏன், பஞ்சரா? நாங்க ஏறி ஒக்காந்துக்கிறோம், நீங்க மாட்டுங்க!"

"தண்ணி வருது, திரும்பிப் போங்க!"

"வரட்டும்ணே! நாங்க என்ன உப்பா, கரைஞ்சு போக?" பேச்சியம்மா சீட்டில்தான் கண்ணாக இருந்தாள். இன்னும் முப்பது நாற்பது எட்டு வைத்தால் சப்பாத்துக்கு வந்துவிடுவாள்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அத்தனை சொல்லுக்கு ஊர் தெரிந்த மனுஷர், தொண்டை நரம்பு புடைக்க, வெறும் காற்றை விட்டுக்கொண்டு நின்றார். நானும் கத்தியிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். எனக்கு நாக்கே எழவில்லை.

பிறகு ஓர் அலறல்.

"ஆனை! ஆனை! ஆனை வருது, மேல ஓடுங்க!"

அந்த மலையில் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எங்கே என்று பார்க்கவில்லை. தூக்குவாளிகளை எறிந்துவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு, பதினோரு பேரும் ஸ்டோரைப் பார்த்து மேலே ஓடினார்கள். கடைசிச் சேலை மறைந்து நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன், அது வந்துவிட்டது. தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. சேறும் பாறையும் வேரோடு மரமுமாக ஒரு சுவரே இறங்கியது. ஜீப் ஒரு தடவை புரண்டதைப் பார்த்தேன். அடுத்த தடவை பார்க்க ஜீப் இல்லை, சப்பாத்தும் இல்லை, அந்தப் பாதையும் இல்லை.

கொஞ்சம் சத்தம் அடங்கியதும் அவர் இக்கரையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மேலேயிருந்து பத்துக் குரல் வந்தது. பேச்சியம்மாவின் குரல் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இல்லை. அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம் கழித்து மேலேயிருந்து ஒருத்தி கத்தினாள்: "அண்ணே! பேச்சியக்கா காய் காயுற ரூமுக்குள்ள தாப்பா போட்டு ஒளிஞ்சிருக்கு! ஆனை போயிருச்சான்னு கேக்குது!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வனக்காவலர்கள் இரண்டு பேர் ஆனைத்தடம் தேடி வந்தார்கள். பெண்கள் சொல்லியிருப்பார்கள். இவர் மண்ணும் சகதியுமாக அவர்கள் பின்னாலேயே நடந்து, "தேடாதீங்க சார், ஆனையே இல்ல. நான் சொன்னது பொய்யி," என்று நிறுத்தினாராம். அவர்கள் சிரித்துவிட்டு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஆனை போகவில்லை. அதுதான் வேடிக்கை! மலையில் இப்படிச் சரிந்து வருவதை எல்லோரும் மலையாளத்தில் உருள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பெண்கள் மட்டும் "அன்னைக்கு ஆனை வந்தப்ப" என்று பேசத் தொடங்கினார்கள். ஆனை இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மாதம் போவதற்குள் என் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாள்: 'மழை அதிகம் பெய்தால் ஓடையில் ஆனை வரும்.' சிவப்பு மை பேனா என் கையில் இருந்தது. திருத்துவேனா? என் கண்ணெதிரே ஒரு சொல் புது அர்த்தத்தில் பிறந்திருக்கிறது! அன்று சாயங்காலமே நோட்டைத் தூக்கிக்கொண்டு போடியில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

வண்டி இல்லாமல் வீட்டோடு கிடந்தார். காதில் மார்க்கர் இல்லை.

"அண்ணே, எழுதிக்கிடுங்க! இந்தச் சொல்லுக்கு ஊர் தெரிஞ்சுபோச்சு. நம்ம சப்பாத்துதான் ஊர். பெத்தவரு நீங்க!"

நோட்டை வாங்கிப் படித்தார். மெதுவாக மூடித் திருப்பித் தந்தார்.

"நேப்பிள்ஸ்காரன வாய்க்கு வந்தபடி பேசுனேன்ல டீச்சர். அவனுக்குக் கொறஞ்சது ஒரு சொல்லு, அம்புட்டுத்தான். நான் என்ன பண்ணேன்? ஹாரன் அடிச்சேன். வாங்க, வெரசா வாங்க, வந்து சாகுங்கன்னு நானேதான கூப்புட்டேன்? அதுக்கப்புறம் என்ன கத்தி என்ன?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க தினமும் அடிக்கிறதுதானே?"

"ஒரு நிமிசம் ஓடையப் பாத்துட்டு அடிச்சிருக்கலாம்ல?"

ஊர் முழுக்க அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்த ஹாரன் ஒன்றுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது. பேச்சியம்மாவிடம் போய்ச் சொல்லித் தீர்த்தேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

தை பிறந்ததும் ஸ்டாண்டில் ஒருவர் தன்னுடைய பழைய ஜீப்பை அவர் கையில் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வண்டியை ஓடைக்கு எட்டவே, மேட்டில் நிறுத்தினார். இறங்கிப் போய் ஓடையைப் பார்த்தார். மெலிந்து, தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார்.

பத்து நிமிடம் ஆயிற்று. வண்டி வந்ததே மேலே யாருக்கும் தெரியாது.

"நான் அடிக்கட்டுமாண்ணே?"

"வேணாம் டீச்சர். அவுகளா வருவாக."

கடைசியில் புதிதாக வெட்டிய பாதையில் இறங்கி, ஓடைமேல் போட்டிருந்த மரப்பாலத்தைத் தாண்டி, பேச்சியம்மா மட்டும் தனியாக வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னண்ணே, வந்துட்டு ஊமையா நிக்கிறீக?"

"ஏறுனா ஏறுங்க ஆத்தா. நான் கூப்புட மாட்டேன்."

"நல்லாருக்கே! கூப்புடாம யாரு வருவா?" சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். இரண்டு கையையும் ஹாரன்மேல் வைத்து அழுத்தினாள். நீளமாக ஒன்று. மறுபடி நீளமாக ஒன்று. மறுபடியும். மலையே அதிர்ந்தது.

அவரால் பொறுக்க முடியவில்லை. "அப்புடி இல்ல! நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு. இத்தன வருசமா காது கேக்கலயா ஒனக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். தெரிஞ்சவுக அடிங்க."

அவர் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சன்னலுக்குள் கையை விட்டார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

மேலே தூக்குவாளிகள் கடகடத்தன. "ஓரத்து சீட்டு எனக்கு!" என்று யாரோ கத்த, "நான் அப்பவே ஒக்காந்துட்டேன்டி!" என்று பேச்சியம்மா பின்னால் தாவினாள். அவர் பாதையின் வாயிலேயே போய் நின்று, இறங்கி வந்த ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து எண்ணினார். உள்ளே இருந்த பேச்சியம்மாவையும் சேர்த்துப் பதினொன்று என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினார்.